பழகிப்போன ஆராதனையில் வியப்பை மீண்டும் கண்டடைவது எப்படி

பல ஆண்டுகளாக ஞாயிறுதோறும் ஆராதனைக்குச் செல்லும் ஒருவருக்கு அடுத்து எந்த வரி வரும் என்பது வாய்க்குத் தெரிந்திருக்கும். மனமோ வேறெங்கோ அலைந்துகொண்டிருக்கும். பாடல்களை மாற்றினால், பிரசங்கியார் மாறினால், அல்லது வேறு சபைக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று அப்போது தோன்றும். சில வேளைகளில் அந்த மாற்றம் தேவையாகவும் இருக்கலாம். ஆயினும், பெத்தேலில் ஒரு கல்லைத் தலையணையாக வைத்து உறங்கி விழித்த யாக்கோபு, "மெய்யாகவே கர்த்தர் இந்த ஸ்தலத்தில் இருக்கிறார்; இதை நான் அறியாதிருந்தேன்" என்று சொன்னதை முதலில் நினைவில் கொள்வது நல்லது. அவன் படுத்த இடமும் எழுந்த இடமும் ஒன்றுதான்.

ஆயத்தம் எளிமையானது. அன்று வாசிக்கப்படும் வேதபகுதிகளை முந்தின நாளே ஒருமுறை வாசித்துவிடுங்கள். மூன்றாண்டுச் சுழற்சியில் அமைந்த வாசிப்பு அட்டவணையை உங்கள் சபை பின்பற்றினால் அவற்றை முன்கூட்டியே அறிந்துகொள்ளலாம். பத்து நிமிடம் முன்னதாகச் சென்று, கைபேசியை அணைத்துவிட்டு, அமைதியாக அமர்ந்திருங்கள்.

வியப்பைப் பற்றி 2003-ஆம் ஆண்டில் எழுதிய உளவியலாளர்கள் டாக்கர் கெல்ட்னரும் ஜொனாதன் ஹைட்டும் அதில் இரண்டு கூறுகளைக் கண்டார்கள்: நம்மைவிட மிகப் பெரிதான ஒன்றை எதிர்கொள்வது முதலாவது, அதை உள்வாங்கிக்கொள்ள நம்முடைய பழைய எண்ணங்கள் விரிய வேண்டியிருப்பது இரண்டாவது. ஆராதனையில் நாம் பெரும்பாலும் தவறவிடுவது இந்த இரண்டாவதைத்தான் என்பது என் கருத்து. கடவுளைப் பற்றி அறியவேண்டியதெல்லாம் அறிந்தாயிற்று என்ற எண்ணத்தோடு அமர்பவருக்கு விரிய வேண்டியது எதுவும் இருப்பதில்லை. ஏசாயா ஆறாம் அதிகாரத்தில், சேராபீன்கள் என்னும் தேவதூதர்கள் ஒருவரை ஒருவர் நோக்கி "பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர்" என்று கூப்பிட்டுச் சொல்லும் குரலால் வாசல் நிலைகள் அசைகின்றன. அதைக் கேட்ட தீர்க்கதரிசியின் வாயிலிருந்து முதலில் வரும் சொல் "ஐயோ" என்பதே. அடுத்த முறை அந்தச் சொற்களைச் சபையோடு சேர்ந்து பாடும்போது, நீங்கள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கி, இன்னும் ஓயாத ஒரு பாடலில் உங்கள் குரலும் சேருகிறது என்பதை எண்ணிக்கொண்டே பாடிப் பாருங்கள். கண்ணீரோ மெய்சிலிர்ப்போ வரவேண்டும் என்று முயலாதீர்கள். உணர்ச்சியை அளந்துகொண்டிருப்பவரின் கவனம் தம்மீதே திரும்பிவிடுகிறது.

அறியும் ஆவலுக்கு மோசே நல்ல வழிகாட்டி. முட்செடி எரிந்தும் வெந்துபோகாதிருப்பதைக் கண்டு, கிட்டப்போய்ப் பார்ப்பேன் என்று அவன் வழிவிலகுகிறான். அவன் பார்க்கும்படி கிட்ட வருவதைக் கண்ட பிறகே கர்த்தர் அவனைப் பெயர் சொல்லி அழைக்கிறார் என்று யாத்திராகமம் அந்த வரிசையைத் தெளிவாகச் சொல்கிறது. கேள்வி கேட்பது விசுவாசக் குறைவு என்று எண்ணி ஒதுங்கியிருப்பவர்களுக்கு இந்தப் பகுதி பெரிய ஆறுதல்.

ஆகவே ஒவ்வொரு வாரமும் ஒரே ஒரு கேள்வியை எடுத்துச் செல்லுங்கள். நாள்தோறும் நாம் சொல்லும் சொற்களிலிருந்தே தொடங்கலாம். "ஆமென்" என்பது உறுதியையும் நம்பகத்தையும் குறிக்கும் எபிரெய வேரிலிருந்து பிறந்தது. மற்றொருவர் ஏறெடுத்த ஜெபத்தின் கீழ் நாம் இடும் கையொப்பம் அது என்று புரிந்தால், அதை அரைகுறையாக முணுமுணுக்க மனம் வராது. "ஓசன்னா" இன்று துதியாக ஒலித்தாலும், 118-ஆம் சங்கீதத்தில் "இரட்சியும்" என்ற மன்றாட்டாக இருந்தது. கர்த்தருடைய ஜெபத்தைக் கவனியுங்கள்: தனியறையில் சொன்னாலும் "என் பிதாவே" என்று சொல்ல அது இடங்கொடுப்பதில்லை. தமிழில் "எங்கள்" என்பதற்கும் "நமது" என்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கே ஒளி தருகிறது. கேட்பவரை விலக்கி நிற்கும் "எங்கள்" என்ற சொல், பேசுகிற நாம் அனைவரும் ஒரு பக்கமாகவும், கேட்கிற அவர் மறுபக்கமாகவும் நிற்பதை இலக்கணத்திலேயே காட்டிவிடுகிறது. விடை கிடைக்காத கேள்விகளை ஓர் ஏட்டில் குறித்துவைத்து, ஆராதனை முடிந்ததும் ஆயரிடம் கேளுங்கள். அப்படிக் கேட்கப்படுவதை விரும்பாத ஆயர்கள் மிகக் குறைவு.

பாடும்போது உங்கள் குரலை அடுத்தவர் குரலைக் கேட்கும் அளவுக்குத் தாழ்த்திக்கொள்ளுங்கள். சுவீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், சேர்ந்து பாடுவோரின் மூச்சு ஒத்துப்போவதால் இதயத்துடிப்பின் வேகமும் ஒருங்கே ஏறி இறங்குவதைக் கண்டார்கள். இதைத் தெய்வச் செயலுக்கு நிரூபணமாக நான் சொல்லவில்லை. ஒரே சரீரம் என்று பவுல் எழுதியது உடலளவிலும் நம்மைத் தொடுகிறது என்பதே எனக்கு வியப்பூட்டுகிறது.

துதிக்க முடியாத வாரங்களும் வரும். துக்கத்தோடு வந்தவர் முகமலர்ச்சியை வரவழைத்துக்கொள்ள வேண்டியதில்லை. 150 சங்கீதங்களில் புலம்பல்கள் ஏராளம். 88-ஆம் சங்கீதம் ஆறுதல் எதுவும் சொல்லாமல் இருளிலேயே முடிகிறது, ஆயினும் அது திருமறையில் இருக்கிறது. அப்படிப்பட்ட நாளில் அமர்ந்தபடியே, மற்றவர்கள் உங்களுக்காகவும் பாடுகிறார்கள் என்று அவர்களுடைய பாட்டைக் கேட்டுக்கொண்டிருங்கள்.

திருவிருந்தின்போது கண்களை மூடிக்கொள்ளும் வழக்கம் பலருக்கு உண்டு. ஒருமுறையேனும் திறந்து வைத்து, அப்பத்தைக் கையாளும் கைகளைப் பாருங்கள். எடுத்தல், ஸ்தோத்திரித்தல், பிட்குதல், கொடுத்தல் என்ற நான்கு செயல்களும் லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் மூன்று இடங்களில் வருகின்றன: ஐயாயிரம் பேருக்கு உணவளித்தபோது, கடைசி இராப்போஜனத்தில், பிறகு எம்மாவூரில். எம்மாவு வழியில் இயேசு வேதவாக்கியங்களை விளக்கக் கேட்டபோது சீஷர்களின் இருதயம் கொழுந்துவிட்டு எரிந்தது. ஆனாலும் அவரை அவர்கள் அறிந்துகொண்டது அப்பம் பிட்கப்பட்டபோதுதான். நம்மில் சிலருக்குப் பிரசங்கத்தில் திறக்காத கண்கள் பந்தியில் திறப்பதற்கு இது போதுமான முன்மாதிரி. ஆதித் திருச்சபையின் மிகப் பழைய நூல்களுள் ஒன்றான திதாக்கே, மலைகளின்மேல் சிதறிக்கிடந்தது ஒன்றுசேர்ந்து ஒரே அப்பமானதுபோல உமது சபையும் கூட்டிச் சேர்க்கப்படட்டும் என்று வேண்டுகிறது. அந்த வேண்டுதலை மனத்தில் வைத்து, உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரையும், குறிப்பாக உங்களுக்கு மனத்தாங்கல் உள்ளவரை, ஏறிட்டுப் பாருங்கள்.

பின்னாளில் இரத்தசாட்சியாக மரித்த ஜஸ்டின், சுமார் கி.பி. 155-ஆம் ஆண்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூடுகையை ரோமப் பேரரசருக்கு விவரித்தார்: அப்போஸ்தலரின் நினைவுக்குறிப்புகளோ தீர்க்கதரிசிகளின் எழுத்துகளோ வாசிக்கப்படும், அறிவுரை கூறப்படும், எல்லோரும் எழுந்து நின்று ஜெபிப்பார்கள், அப்பமும் பாத்திரமும் கொண்டுவரப்படும், மக்கள் "ஆமென்" என்பார்கள். இன்றும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் நாம் ஆராதிக்கிறோம். அந்த விவரிப்பில் இன்னும் ஒரு குறிப்பு உண்டு: வர இயலாதவர்களுக்கு உதவிக்காரர்கள் அவர்களுடைய பங்கை எடுத்துச் செல்வார்கள். வீடு திரும்பியபின், அன்று வழக்கமான இடத்தில் காணப்படாத ஒருவரை அழைத்து, நீங்கள் எடுத்துச் சென்ற கேள்வியையும் அன்று வாசிக்கக் கேட்ட பகுதியையும் அவரோடு பகிர்ந்துகொள்ளுங்கள்.