வளர்ந்தோர் கல்வி ஆசிரியர் பயிற்சி: காசு குறையும்போது எதை வெட்டக் கூடாது?

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கொழும்பில் வளர்ந்தோர் வகுப்பு நடத்துகிறவர்களுக்குக் கேட்டுப் பழகிப்போன வசனம்: "இருக்கிறதை வைத்துச் சமாளியுங்கள்." காசு இல்லை என்பது உண்மைதான். ஆனால் முதலில் வெட்டப்படுவது, வகுப்புக்குப் போய்ப் பார்த்து ஆசிரியரோடு உட்கார்ந்து பேசுகிற வேலை. மண்டபம், பேனர், சாப்பாட்டுப் பார்சல், சான்றிதழ் என்று ஒருநாள் செயலமர்வு மட்டும் எப்படியோ தப்பிவிடும். வந்தவர்களின் தொகையை அறிக்கையில் எழுதலாம், படமும் போடலாம் அல்லவா!

வெட்டத்தான் வேண்டுமென்றால் செயலமர்வை வெட்டுங்கள். ஒரே நிலையத்தில் படிப்பிக்கும் இருவர், ஒருவர் வகுப்பில் மற்றவர் இருந்து பார்த்துவிட்டு, பிளேன்டீயோடு அரை மணி நேரம் பேசட்டும். பஸ் காசுகூடச் செலவில்லை. பார்க்கிறவர் கையில் மட்டும் மதிப்பீட்டுப் படிவம் இருக்கக் கூடாது. "ஆள் எப்படி, ஒப்பந்தத்தை நீடிக்கலாமா?" என்று முகாமையாளர் கேட்பார். பார்த்தவர் அதற்குப் பதில் சொன்னால், ஆசிரியரின் நம்பிக்கை அன்றோடு போய்விடும். அடுத்த முறை ஆசிரியர் ஒத்திகை பார்த்த பாடத்தைத்தான் நடத்திக் காட்டுவார்.

பயிற்சிக்கு வருகிறவர்களில் பலர் பாடசாலையில் படிப்பித்தவர்கள். பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் ஐம்பது வயது அம்மாவிடம் "எழும்பி வாசியுங்கோ" என்றால், அடுத்த கிழமை அவர் வரமாட்டார். இதை பவர்பொயின்டில் காட்டிப் பயனில்லை. ஆசிரியர்களையே ஒரு பாடம் தயாரிக்க வையுங்கள். புறக்கோட்டையில் எழுத்துத் தெரியாத ஒருவர் 138 என்ற இலக்கத்தைப் பார்த்து பஸ் ஏறிவிடுவார். அது மஹரகமையோடு நிற்குமா, ஹோமாகம வரை போகுமா என்று கொண்டக்டரிடம்தான் கேட்க வேண்டும். இரண்டு ஊர்ப் பெயரின் முதல் எழுத்தையும் பிரித்தறிந்தால் கேட்க வேண்டியதில்லை. முதல் நாள் பாடத்துக்கு பஸ்ஸின் ஊர்ப் பெயர்ப் பலகையே போதும்.

2007 ஜூலைக்குப் பிறகு அரச சேவையில் சேர்ந்தவர்களுக்கு மற்ற அரசகரும மொழியில் (தமிழருக்குச் சிங்களம், சிங்களவருக்குத் தமிழ்) தேர்ச்சி வேண்டும். அந்த மொழி வகுப்புக்கு வருகிறவருக்குப் பரீட்சைதான் அவசரம். அவருக்குப் படிப்பிக்கும் ஆசிரியரையும் எழுத்தறிவு ஆசிரியரையும் ஒரே பயிற்சியில் போட்டால் இருவருக்கும் வீண்.

மணித்தியாலக் கணக்கில் சம்பளம் வாங்குகிறவரைச் சனிக்கிழமைப் பயிற்சிக்குச் சும்மா வரச் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. அன்றைய டியூஷன் வருமானம் அவருக்கு இல்லாமல் போகிறது. வராவிட்டால் "அக்கறையில்லை" என்று எழுதுவது அநியாயம்.

அப்புறம், வகுப்பு நேரத்தைப் பாதியாக்கினால் பாடத்தில் எதெது விடுபடும் என்று எழுதி, முகாமையாளரிடம் கையெழுத்து வாங்கவும் ஆசிரியர்களைப் பழக்குங்கள். வாயால் பேசியது சில மாதத்தில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. தேர்ச்சி வீதம் ஏன் விழுந்தது என்று கேட்டால் காட்டுவதற்கு அந்தத் தாள் வேண்டும்.