எடை கூடிய பிள்ளையை மறுபடி ஓட வைக்க

என் தங்கை மகனுக்கு 9 வயது. தெருவில் கிரிக்கெட் ஆரம்பித்தால் அவனாகவே போய் அம்பயராக நின்றுகொள்வான். ஆசைப்பட்டு இல்லை, இரண்டு ரன் ஓடினாலே மூச்சு இரைக்கிறது, உடனே ‘குண்டு’ என்று கத்துகிறார்கள். எடை கூடியதால் ஓட்டம் நின்றது, ஓட்டம் நின்றதால் எடை இன்னும் கூடியது. ஓட்டத்தை முதலில் மீட்பதுதான் சரி என்பேன்.

அதற்காக எடுத்த எடுப்பில் மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்லாதீர்கள், பிள்ளைக்கு வெறுத்துவிடும். எடை கூடிய பிள்ளைகளுக்கு ஓட்டமும் தாவலும் கஷ்டம், ஆனால் கைப்பிடி வலுவும் எறியும் வலுவும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கயிறு இழுக்க, கனமான பந்தை எறிய விடுங்கள், நாலு பேர் முன்னால் அவன் ஜெயிக்கட்டும். அப்புறம் சைக்கிள், நீச்சல். இரண்டிலும் உடம்பின் பாரம் முழங்காலில் விழாது. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்கிற அளவுக்கு மூச்சு வாங்கினால் போதும். 5 வயதுக்கு மேல் தினம் சராசரியாக 60 நிமிடம் என்கிறது உலக சுகாதார அமைப்பு. அதைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம், பள்ளிக்கு நடப்பதுகூட வேகநடையாக இருந்தால் கணக்கில் வரும்.

தினமும் எடை பார்க்காதீர்கள். மாதம் ஒருமுறை உயரத்தையும் சேர்த்துக் குறித்து வையுங்கள். இவன் 130 செ.மீ., 38 கிலோ, பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்கிற கணக்கு, 22.5, இந்த வயதுக்கு ரொம்ப அதிகம். அதே 38 கிலோவில் நின்று இரண்டு வருடத்தில் 141 செ.மீ. வளர்ந்தால் 19தான், 11 வயதுப் பையனுக்கு அது சரியான அளவு. ஒரு கிலோகூடக் குறைய வேண்டியதில்லை பாருங்கள்! அதனால் வளரும் பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள், பாக்கெட் ஜூஸையும் பிஸ்கட்டையும் மட்டும் நிறுத்துங்கள்.

வீட்டில் ஒல்லிப் பிள்ளை இருந்தால் அதையும் மூன்று மாடி ஏறச் சொல்லிப் பாருங்கள். எடை சரியாக இருந்தும் தெம்பில்லாத பிள்ளைகள் நிறைய.

கழுத்து மடிப்பு கறுத்திருந்தாலோ, தூக்கத்தில் குறட்டை விட்டாலோ டாக்டரிடம் காட்டுங்கள். முழங்கால் வலிக்கிறது என்று நொண்டினால் தள்ளிப்போடவே கூடாது, ஆட்டத்தை நிறுத்திவிட்டு அன்றைக்கே போங்கள். எடை கூடிய பிள்ளைகளுக்கு, வளரும் வயதில் இடுப்பு மூட்டு நழுவுவது உண்டு, அந்த வலி சில நேரம் முழங்காலில்தான் தெரியும்.