எழுத வரும் மலையகப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய பிழைகள்

பாடசாலைத் தமிழ்த் தினப் போட்டிக்காக என்னிடம் வரும் இலங்கைத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளின் சிறுகதைகளைப் பல வருடமாக வாசித்து வருகிறேன். அதற்கும் முந்தியே நானும் எழுதத் தொடங்கிவிட்டேன். நடுவில் ஆறு வருடம் ஒரு வரிகூட எழுதாமல் கிடந்ததும் உண்டு. பிள்ளைகளின் கொப்பியில் நான் சிவப்புப் பேனாவால் கோடு போடும் இடங்கள் அநேகமாக நானே சறுக்கி விழுந்த இடங்கள்தான். தோட்டத்தில் நம் கதையைக் கேட்டுக்கொண்டிருக்கும் காதை மறந்து, எங்கோ தூரத்தில் இருக்கும் காதுக்காக எழுதியதால் வந்த சறுக்கல்கள் அவற்றில் பாதிக்கும் மேல்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை வீட்டுப் பேச்சைத் திருத்துவது. பத்தொன்பது வயதில் என் முதல் கதை ஞாயிற்றுப் பத்திரிகையில் வந்தது. அதில் ஒரு அம்மா விடியற்காலையில் பெரட்டுக்கு ஓடுகிறாள், இடுப்பில் படங்கைக் கட்டுகிறாள், அந்தியில் கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை அரைப்பேர்தான் என்கிறார். அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம் என்றுகூட நான் விளக்கவில்லை. அடுத்த கதையைப் பார்த்த பெரியவர் ஒருவர், "கொழும்பிலயும் யாழ்ப்பாணத்திலயும் இருக்கிறவங்களுக்கு விளங்க வேணாமா?" என்று கேட்டார். நல்ல மனத்தோடுதான் கேட்டார். நான் பெரட்டை 'காலை ஆள்கணக்கெடுப்பு' ஆக்கினேன். காம்பரா 'அறை' ஆனது, இஸ்தோப்பு 'முன்கூடம்' ஆனது. கதை அச்சில் வந்ததும், நாங்கள் இருக்கும் வரிசை வீடான லயத்தில் வாசித்துக் காட்டினேன். முதல் கதையை இரண்டு தரம் வாசிக்கச் சொன்ன அப்பாயி, இதில் பாதியிலேயே எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

பெரட்டு என்ற சொல்லுக்குள் பனி இருக்கிறது. பிந்திப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பதற்றம் இருக்கிறது. முந்தின நாள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நடந்த சண்டையின் மிச்சமும் இருக்கிறது. சொல்லை எடுத்துவிட்டால் இவை அத்தனையும் அதோடு போய்விடும். தெரியாத வாசகருக்காக அடைப்புக்குறியோ அடிக்குறிப்போ போட வேண்டியதில்லை. பாத்திரத்தை வேலை செய்ய விட்டால் போதும். 'மழை பிடித்துக்கொண்டது, படங்கு நனைந்து முழங்காலில் ஒட்டியது' என்று எழுதினால் படங்கு என்னவென்று சென்னையில் இருப்பவருக்கும் புரிந்துவிடும். மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் தாம் வேலை பார்த்த தோட்டத்தின் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டு கடைசிவரை எழுதினார். 2013-ல் தமிழ்நாட்டிலிருந்து விஷ்ணுபுரம் இலக்கிய விருது அவரைத் தேடி வந்தது. பெயரிலேயே தோட்டத்தைச் சுமந்தவரைக் கடல் தாண்டியும் வாசித்தார்கள் என்பதைப் பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

அடுத்தது, நடுவர் அழ வேண்டும் என்று நினைத்துக்கொண்டு எழுதுவது. அட்டைக்கடி, ஒழுகும் கூரை, தவறணையிலிருந்து தள்ளாடி வரும் அப்பா, முடிவில் ஒரு சாவு. இவை எதுவும் பொய்யில்லை. ஆனால் அதே லயத்தில்தான் காமன் கூத்துக்கு இரவெல்லாம் தப்பு அடிக்கிறார்கள். சீட்டுக்காசு சேர்த்து மகளுக்குப் போன் வாங்கும் அம்மாவும் அங்கேதான் இருக்கிறார். மலையில் கொழுந்து பறிக்க நிரை பிடிக்கும்போது பெண்கள் ஒருவரையொருவர் செய்யும் கேலியை எந்தப் போட்டிக் கதையிலும் நான் வாசித்ததில்லை. எனக்கு ஒரு சாவுக் கதைக்குப் பரிசு கிடைத்தது. அதற்குப் பிறகு மூன்று வருடம் அந்தக் கதையையே எழுதிக்கொண்டிருந்தேன். ஆளின் பெயரும் தோட்டத்தின் பெயரும் மாறும், சாவு மட்டும் மாறாது. பரிசு கிடைத்த அந்த மூன்று வருடத்தைத்தான் என் எழுத்தின் பள்ளமாக இப்போது பார்க்கிறேன்.

வருடங்களிலும் கவனமாக இருங்கள். 2023-ல், நம் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்து இருநூறு வருடம் ஆனதைக் குறிக்கும் மலையகம் 200 நினைவுகூரலில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் போனார்கள். அந்தக் காலத்தில் வந்த பிள்ளைகளின் கதைகளில், கப்பலிலிருந்து இறங்கிய முதல் கூட்டமே கொழுந்து பறித்தது. அவர்கள் வந்தது கோப்பிக் காட்டுக்கு. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துராவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867-ல். 1955-ல் நடக்கும் கதை ஒன்றில் ஒரு குடும்பம் ஒப்பந்தத்தில் இந்தியா போனது. தோட்ட மக்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964 ஒக்டோபரில்தான் கைச்சாத்தானது. நாட்சம்பளமும் அப்படித்தான். 2015-ல் ஆயிரம் ரூபா வெறும் கோரிக்கை, கைக்கு வந்தது 2021-ல், 1350 ஆனது 2024-ல். சம்பளத்தைப் பிழையாக எழுதினால், அந்தக் காசில் மாதத்தை ஓட்டியவர் அதற்கு மேல் உங்களை நம்பமாட்டார்.

இனிச் சொல்லப்போவது எனக்கு இன்னும் வலிக்கிறது. லயத்தில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். மூன்றாம் காம்பராவில் யாராவது அழுதால் கடைசியில் இருக்கும் தொங்கல் காம்பரா வரைக்கும் தெரிந்துவிடும். எழுதுகிறவருக்கு அது அள்ள அள்ளக் குறையாத கிணறு மாதிரி. பக்கத்துக் காம்பரா அத்தை தன் மகளைக் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பியதையும், அவள் எப்படித் திரும்பி வந்தாள் என்பதையும் எங்கள் இஸ்தோப்பில் உட்கார்ந்து அம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னார். நான் அதை எழுதினேன். பெயரை மட்டும் மாற்றினேன். மூக்குத்தி, சிவப்புக் கம்பளி, மகள் வந்திறங்கிய மாதம் எல்லாம் இருந்தபடியே இருந்தன. யாரோ அத்தைக்கு வாசித்துக் காட்டிவிட்டார்கள். அத்தை சண்டைக்கு வரவில்லை. அதற்குப் பிறகு எங்கள் இஸ்தோப்பில் வந்து உட்காரவேயில்லை. அம்மா ஒன்றே ஒன்று சொன்னார்: "அவ சொன்னது எங்கிட்ட, ஒங்கிட்ட இல்ல."

பெயரை மாற்றினால் மறைந்துவிடும் என்று நம்பாதீர்கள். ஆளை அடையாளம் காட்டுவது மூக்குத்தி, நடை, அந்த மாதம். முடிந்தால் போய்க் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அந்த வலி உங்களை எழுதாமல் தூங்கவிடாது என்றால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அச்சுக்குக் கொடுக்காதீர்கள். பல வருடம் கழித்து அது வேறு ஒரு பெண்ணின் கதையாக வெளியே வரக்கூடும். எனக்கு ஒரு தரம் அப்படி வந்தது.

கையெழுத்துப் பிரதி ஒன்றே ஒன்றுதான் என்றால் அதைத் தபாலில் போடாதீர்கள். மழை மாதங்களில் கொப்பி பூஞ்சணம் பிடித்துவிடும். இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது, எழுதி முடித்த அன்றைக்கே ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து வையுங்கள்.

புத்தகம் போடும் ஆசை வந்தால் கொஞ்சம் நிதானம் வேண்டும். நான் நகையை அடகு வைத்து 500 பிரதி அச்சடித்தேன். வெளியீட்டு விழாவில் 140 போனது. மிச்சம் கட்டிலுக்குக் கீழே ஈரம் பிடித்து அட்டை சுருண்டு கிடந்தது. இருநூறில் தொடங்குங்கள். தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் விண்ணப்பித்து நூலுக்கான சர்வதேச நியம எண்ணை (ISBN) அச்சுக்கு முதலே பெற்றுக்கொள்ளுங்கள். யாராவது நீட்டும் தாளில் வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, நீங்கள் எழுதியதன் பதிப்புரிமை எங்கும் பதியாமலே உங்களுக்கு உரியது. உங்கள் ஆயுளுக்கும் அதன் பின் 70 வருடத்துக்கும் அது நிற்கும். இருநூறு ரூபாவுக்கு அதை விட்டுக்கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

எழுத்து நின்றுபோகும் காலம் எல்லாருக்கும் வரும். எனக்குக் கல்யாணம், இரண்டு பிள்ளைகள், இடமாற்றம் என்று வந்தது. தேயிலையைக் கத்தரித்துக் கவ்வாத்து வெட்டிய மலையில் சில மாதம் கொழுந்து இருக்காது. அதற்காக யாரும் செடியைப் பிடுங்குவதில்லை. அந்த மலைகளைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தும் நான் பிடுங்கினேன். இனி வராது என்று முடிவு கட்டி, பழைய கொப்பிகளை எல்லாம் கடலைக்காரருக்குக் கொடுத்தேன். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

ஆறாவது வருடம் மழை பொய்த்தது. மவுசாக்கலை நீர்த்தேக்கம் வற்றி, 1960களின் கடைசியில் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரிந்தது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வெடித்துக் கிடந்த சேற்றில் மெதுவாக நடந்து வந்து ஒரு கல்படியின் முன்னால் நின்றார். "இங்கதான் கட இருந்திச்சு. சம்பளத்தன்னிக்கு ஒந் தாத்தா எனக்கு முறுக்கு வாங்கித் தருவாரு. பொழுது எறங்கிறதுக்குள்ள மலையேறணும்னு வெரட்டுவாரு" என்றார். பிறகு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டேயிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் என்னிடம் இருந்தது மகனின் கணக்குக் கொப்பிதான். அதன் கடைசிப் பக்கங்களில், அம்மாவின் வாயில் வந்தபடியே எழுதினேன். இரவு அடுப்படியில் வைத்து வாசித்துக் காட்டினேன். அம்மா எழுந்து போகவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு, "நாலு முறுக்குன்னு போட்டிருக்க. ரெண்டுதான். ஒண்ணு தம்பிக்கு" என்றார். திருத்திக்கொண்டேன்.