ஏர் ரைபிளும் பெல்லட்டும்: வேகத்தைச் சீராக்கிப் பொருத்தம் பார்க்கும் முறை

10 மீட்டர் போட்டிக்கான ஏர் ரைபிளில் பெல்லட்டை (சிறு ஈயக் குண்டை) மாற்றியதும் குண்டுகள் சிதறி விழுந்தால், பலரும் உடனே இன்னொரு டின் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். ஒவ்வொரு முறை சுடும்போதும் வெளிப்படும் காற்று ஒரே அளவாக இல்லாதவரை எந்தப் பெல்லட்டையும் நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது. ஆகவே முதலில் காற்று, அடுத்து வேகம், கடைசியாகத்தான் பெல்லட்.

ரைபிளின் காற்றுச் சிலிண்டரை 200 பார் (அழுத்த அலகு) வரை மெதுவாக நிரப்ப வேண்டும். அவசரமாக நிரப்பினால் காற்று சூடேறி, ஆறிய பிறகு அழுத்தம் இறங்கிவிடும். நெல்லைச் சீமையில் இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு: 30 டிகிரியில் 200 பார் நிரப்பிய சிலிண்டர், அக்னி நட்சத்திர வெயிலில் பாளையங்கோட்டைத் தெருவில் நிறுத்திய காருக்குள் கிடந்து 50 டிகிரியை எட்டினால், உள்ளே அழுத்தம் ஏறத்தாழ 213 பார் ஆகிவிடும். கோடையில் சற்றுக் குறைத்தே நிரப்பி, நிழலில் வைப்பது நல்லது. தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல் காலத்தில் கைப்பம்பு பயன்படுத்துவோர், ஈரத்தை உறிஞ்சும் வடிகட்டி இல்லாமல் காற்றடிக்கக் கூடாது. பங்ச்சர் கடை கம்ப்ரசர் இந்த அழுத்தத்துக்குப் பக்கத்தில்கூட வராது. ஆக்சிஜனை மட்டும் ஒருபோதும் நிரப்பாதீர்கள். எண்ணெய்ப் பசையோடு சேர்ந்தால் வெடிக்கும்.

நிரப்பியதும் சில குண்டுகளைச் சுட்டுக் கழித்துவிட்டு, குரோனோகிராஃபை வைத்துப் பத்து குண்டுகளின் வேகத்தை எழுதிக்கொள்ளுங்கள். இவ்வகை ரைபிள்களின் ஆற்றல் பெரும்பாலும் 7.5 ஜூல் அளவை ஒட்டியிருக்கும், அதாவது 0.53 கிராம் பெல்லட் வினாடிக்குச் சுமார் 168 மீட்டர் வேகத்தில் போகும். அதே ஆற்றலில் 0.48 கிராம் பெல்லட் 177 மீட்டரைத் தொடும் என்பதால், எடை மாறும்போது வேகம் மாறுவதைப் பழுதென்று எண்ண வேண்டாம். பார்க்க வேண்டியது, ஒரே டின்னுக்குள் மிகக் கூடிய வேகத்துக்கும் மிகக் குறைந்த வேகத்துக்கும் உள்ள இடைவெளியைத்தான். அது ஐந்து மீட்டரைத் தாண்டினால் பெல்லட் சோதனைக்குப் போவதில் பயனில்லை.

பத்து நிமிடம் சும்மா வைத்திருந்துவிட்டுச் சுடும் முதல் குண்டு மட்டும் தனியாக வேகமெடுத்து, அடுத்தவை பழைய நிலைக்குத் திரும்பினால், சிலிண்டர் காற்றை ஒரே அழுத்தத்தில் விடும் ரெகுலேட்டரின் உள் இருக்கை (அடைப்பு பதியும் இடம்) தேய்ந்து காற்று மெல்ல ஊறுகிறது என்று பொருள். அதை வீட்டில் பிரிக்காமல், துப்பாக்கி பழுதுபார்க்கப் பழகிய ஆர்மரரிடம் கொடுங்கள். அழுத்தம் இருக்கும்போது எந்த இணைப்பையும் தளர்த்தக் கூடாது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வேகம் சீராக இருந்தும் மேற்சொன்ன அளவைவிடக் கூடவோ குறையவோ இருந்தால், வேகத் திருகைக் கால் சுற்று மட்டும் திருப்பி மீண்டும் அளக்க வேண்டும். வேகம் கூடினால் துல்லியமும் கூடும் என்ற நம்பிக்கை நம் சங்கங்களில் வேரோடியிருக்கிறது. என் கணிப்பில் அதனால் காற்று வீணாவதுதான் மிச்சம்.

இனிப் பெல்லட்டுக்கு வரலாம். தலை விட்டம் 4.49, 4.50, 4.51 மி.மீ. என வெவ்வேறு டின்களை எடுத்துக்கொண்டு, ரைபிளைப் பிடிப்பானில் இறுக்கி, ஒவ்வொன்றிலும் பத்து குண்டுகளை ஒரே புள்ளியில் சுடுங்கள். ஆடி மாதத்தில் பணகுடி, வள்ளியூர்ப் பக்கத்துக் காற்று அடிக்கும் திறந்த கொட்டகையில் இச்சோதனை வேண்டாம். 10-ஆம் வளையத்தின் விட்டம் 0.5 மி.மீ., குண்டின் விட்டம் 4.5 மி.மீ.; துளை வளையத்தைத் தொட்டாலே பத்து; ஆகவே துளைக்கூட்டத்தின் வெளி விளிம்பு 9.5 மி.மீ.க்குள் நின்று, அது நடுப்புள்ளியில் அமைந்தால் எல்லாமே பத்துதான். தசமப் புள்ளிக்கு (பத்தையும் 10.0 முதல் 10.9 வரை பிரித்து எண்ணும் முறைக்கு) சுடுவோருக்கு அது போதாது, ஆறு மி.மீ.க்குள் அடங்கும் டின்னைத் தேட வேண்டும். குழாயைத் துடைத்த கையோடு சோதிக்காமல், சில குண்டுகளைச் சுட்டு அது பழைய நிலைக்கு வந்தபின் தொடங்குங்கள்.

பொருந்திய டின்னின் தொகுதி எண்ணைக் குறித்து, அதே எண்ணில் தேவையான அளவுக்கு வாங்கி வைத்துக்கொள்ளலாம். பெயரும் அளவும் ஒன்றாயினும் தொகுதி மாறினால் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். பெல்லட் மாறும்போது குண்டு விழும் இடமும் நகரும் என்பதால், பின்காட்சியை (குறிபார்க்கும் பின்பக்க அமைப்பை) எத்தனை கிளிக் திருப்பினீர்கள் என்பதை அந்தந்த டின் மூடியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.