ஆறு நாள் ஜிம், ஒரு நாள் ஓய்வு: கணக்கு தப்பும் இடங்கள்

ஜிம்மில் சேர்ந்த முதல் வாரத்திலேயே எல்லோரும் கேட்பது, “வாரத்துக்கு எத்தனை நாள் வரணும்?” என்றுதான். எடை தூக்கும் பயிற்சிக்குத் தொடக்கத்தில் மூன்று நாள், ஒன்றுவிட்டு ஒரு நாள் வந்தால் போதும். ஆனால் “என் தோளுக்கு வாரத்தில் எத்தனை நாள் வேலை வருது?” என்று யாரும் கேட்பதில்லை. இரண்டாவது, மூன்றாவது மாதத்தில் பயிற்சியை விட்டுவிட்டுப் போகிற பலருக்குச் சிக்கல் தொடங்குவது இந்தக் கேட்காத கேள்வியில்தான்.

உடம்பைச் சூடேற்றும் வார்ம்-அப் இல்லாமல் தூக்குவது, இரவெல்லாம் கண் விழித்துவிட்டு வருவது எல்லாம் சொல்லிச் சொல்லிச் சலித்தவை. அவற்றை இங்கே தொடவில்லை. வருகிறவர்கள் அத்தனை பேரும் செய்யும் தவறுகள், முன்பு நாங்களும் செய்த அதே தவறுகள், இவை.

தசையின் பெயரை வைத்து நாளைப் பிரிப்பது

திங்கள் செஸ்ட், செவ்வாய் ஷோல்டர், புதன் பேக் (முதுகு), வியாழன் கை, வெள்ளி கால், சனி மறுபடியும் செஸ்ட், ஞாயிறு ஓய்வு. புதியவர்களின் போனில் பெரும்பாலும் இந்த அட்டவணைதான் இருக்கும். பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்கிறது: ஒவ்வொரு தசைக்கும் ஒரு நாள் வேலை, மற்ற நாளெல்லாம் ஓய்வு. உடம்பு அப்படிப் பிரிந்து வேலை செய்வதில்லை.

பெஞ்சில் மல்லாந்து படுத்து எடையை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ் செய்யும்போது மார்போடு தோளின் முன்பகுதியும் கையின் பின்பக்கத்து டிரைசெப்ஸும் சேர்ந்தே தள்ளுகின்றன. பெஞ்சைச் சாய்த்து வைத்தால் தோளின் பங்கு இன்னும் கூடும். செவ்வாய்க்கிழமை தலைக்கு மேல் தூக்கும் பிரஸ்ஸில் முன்தோள்தான் முக்கிய வேலைக்காரர், டிரைசெப்ஸ் பக்கத்துணை. வியாழனன்று கை நாள் என்று சொல்லிக் கைகளை நெருக்கிப் பிடித்த பெஞ்ச் பிரஸ்ஸும், இரு கம்பிகளில் கையூன்றி உடம்பை இறக்கி ஏற்றும் டிப்ஸும் செய்தால், மறுபடியும் அதே இரண்டும்தான். சனிக்கிழமை செஸ்ட் என்றால் நான்காவது முறை.

செட்டாக, அதாவது நிறுத்தாமல் தொடர்ந்து செய்யும் சுற்றுகளாக, எண்ணிப் பாருங்கள். திங்கள் நேர் பெஞ்ச் 4, சாய்வு பெஞ்ச் 4. செவ்வாய் தலைக்கு மேல் பிரஸ் 4, டம்பெல்லை முன்பக்கம் தூக்குவது 3. வியாழன் நெருக்கிப் பிடித்த பெஞ்ச் 4, டிப்ஸ் 3. சனி மறுபடியும் 4, 4. முன்தோளுக்கு மட்டும் வாரத்துக்கு 30 செட். புதியவருக்கு ஒரு தசைக்கு வாரம் 8 முதல் 10 நல்ல செட் இருந்தாலே வளர்ச்சி கிடைக்கும். பல வருடம் தூக்கியவர்களே பெரும்பாலும் 10 முதல் 20 செட்டுக்குள் நிற்கிறார்கள். முழங்கையின் நிலைமை இதைவிட மோசம். தள்ளுகிற நான்கு நாளோடு புதன்கிழமை இழுக்கும் வேலையும் சேர்ந்துகொள்வதால், அது வாரத்தில் ஐந்து நாள் பாரம் சுமக்கிறது. எடையை உடம்பை நோக்கி இழுக்கும் புதன் ரோயிங் முடிந்த 24 மணி நேரத்தில், முழங்கையை மடக்கித் தூக்கும் வியாழன் பைசெப்ஸ் கர்ல் வேறு.

இது ஏன் ஆபத்து என்றால், தசையும் தசைநாணும் ஒரே வேகத்தில் தேறுவதில்லை. ஒரு பயிற்சிக்குப் பிறகு தசை தன்னைக் கட்டிக்கொள்ளும் வேலை ஏறக்குறைய 24 முதல் 48 மணி நேரம் கூடுதல் வேகத்தில் நடக்கும். தசையை எலும்போடு கட்டும் நாண்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு. கனமான பாரத்துக்குப் பிறகு முதல் ஒரு நாள், ஒன்றரை நாள் வரை அங்கே கட்டுவதைவிடக் கரைவதே அதிகம். அதற்குப் பிறகுதான் கணக்கு லாபத்துக்குத் திரும்பும். அப்படித் திரும்பும் முன்பே அடுத்த பாரத்தை ஏற்றினால் வாரா வாரம் கொஞ்சம் நஷ்டம்.

இதில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. தொடக்கத்தில் எடை சரசரவென ஏறுவதற்குக் காரணம் பெரும்பாலும் நரம்பு மண்டலம். இருக்கிற தசையை ஒருங்கே இயக்க அது கற்றுக்கொள்கிறது. ஆக இரண்டு மாதத்தில் தூக்கும் கிலோ கூடிவிடும், அந்தக் கிலோவைத் தாங்க வேண்டிய நாண் இன்னும் தயாராகியிருக்காது.

நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் உள்ளவர் என்றால் இது முன்கூட்டியே தெரிந்துவிடும். பெஞ்ச் பிரஸ் 40 கிலோ, மூன்று செட்டில் ஒவ்வொன்றிலும் எத்தனை ரெப் (எத்தனை முறை தூக்கியது) என்ற கணக்கு: முதல் வாரம் 8, 8, 7. மூன்றாவது வாரம் 8, 7, 6. ஐந்தாவது வாரம் 7, 5, 5. இந்த வரிசையைப் பார்த்துவிட்டு, “நான் போதுமான அளவு உழைக்கலை” என்று முடிவு கட்டி இன்னொரு செட்டைச் சேர்க்கிறார்கள். இத்தனை வருடம் கழித்தும் எரிச்சல் தருவது இந்த இடம்தான். எண்கள் இறங்குவது ஓய்வு போதவில்லை என்பதற்கான நேரடிச் சாட்சி, அதையே இன்னும் உழைப்பதற்கான காரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்த இரண்டு வாரத்தில் சட்டைக்குள் கையை நுழைக்கும்போது தோளின் முன்பக்கம் சுருக்கென்று குத்தும். கதவுப் பிடியைத் திருகும்போது முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கும். பிறகு இரண்டு மாதம் எதையுமே தூக்க முடியாது. வாரத்துக்கு ஒரு ஓய்வு நாளை மிச்சம் பிடிக்கப் போய், முழுதாக எட்டு வாரம் போய்விடும்.

அட்டவணையைத் தந்தவர்கள் மீதும் வருத்தம் உண்டு. அது பல வருடம் தூக்கித் தோளும் முழங்கையும் பழகியவருக்காகப் போட்டது. சேர்ந்து பத்து நாள் ஆன ஒருவர் கையில் அதை அப்படியே கொடுப்பது பொறுப்பான செயல் இல்லை.

மாற்று வழி எளிது. தசையின் பெயரை மறந்துவிட்டு அசைவின் பெயரில் எண்ணுங்கள்: தள்ளுவது, இழுப்பது, காலால் எழுவது, இடுப்பை மடக்கிக் குனிந்து எழுவது. இரண்டு நாளுக்கான பட்டியல் போதும். முதல் பட்டியலில் எடையோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட் 3 செட் 8 ரெப், பெஞ்ச் பிரஸ் 3 செட் 8 ரெப், ரோயிங் 3 செட் 10 ரெப். இரண்டாவதில் முழங்காலை லேசாக மட்டும் மடக்கிச் செய்யும் ருமேனியன் டெட்லிஃப்ட் 3 செட் 8 ரெப், தலைக்கு மேல் பிரஸ் 3 செட் 8 ரெப், மேலிருந்து இழுக்கும் புல்டவுன் 3 செட் 10 ரெப். திங்கள், புதன், வெள்ளி என மாற்றி மாற்றிச் செய்யுங்கள். இந்த வாரம் முதல் பட்டியல் இரண்டு முறை வந்தால் அடுத்த வாரம் இரண்டாவது பட்டியல் இரண்டு முறை வரும். தள்ளும் செட் வாரத்துக்கு ஒன்பதில் நின்றுவிடும், ஒவ்வொரு நாளுக்கும் நடுவே 48 மணி நேரம் கிடைக்கும். ஒவ்வொரு செட்டையும் இன்னும் இரண்டு ரெப் வரும் என்கிற நிலையில் கீழே வையுங்கள். கை நடுங்கி எடைக் கம்பி பாதியில் நிற்கும் வரை போகத் தேவையில்லை.

நான்கு நாள் வர முடிந்தால் மேலுடம்பு, கீழுடம்பு, ஓய்வு, மேலுடம்பு, கீழுடம்பு, ஓய்வு, ஓய்வு. ஆறு நாள் வந்தே தீருவேன் என்பவர் தள்ளுதல், இழுத்தல், கால் என மூன்று நாளாகப் பிரித்து இரண்டு சுற்று வரலாம். அதில் தள்ளும் நாள் இரண்டுக்கும் நடுவே 72 மணி நேரம் இருக்கும். ஆனால் வாரத்தின் மொத்த செட் அதேதான். நாள் இரட்டிப்பானால் ஒரு நாளின் செட் பாதியாக வேண்டும். இதை மட்டும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

தவறிய நாளை மறுநாளே ஈடுகட்டுவது

புதன்கிழமை வர முடியவில்லை என்று வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அடுத்தடுத்துச் செய்வார்கள். இல்லாவிட்டால் ஒரே நாளில் இரண்டு நாள் வேலையை ஏற்றிக்கொள்வார்கள். எதுவும் தேவையில்லை. அட்டவணையை ஒரு நாள் தள்ளி வையுங்கள். வாரம் முடிந்துவிட்டால் அந்த நாளை விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று வாரம் ஒன்றுமே செய்யாவிட்டாலும் பலம் பெரிதாக இறங்குவதில்லை. மூச்சுத் திறன் மட்டும் கொஞ்சம் முன்பாகக் குறையத் தொடங்கும்.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்பும்போதுதான் கவனம் வேண்டும். பழகிய தசை சேதத்தைத் தாங்கும், விட்டுப்போன தசைக்கு அந்தத் தாங்கும் திறன் குறைந்திருக்கும். பழைய எடையில் 60 முதல் 70 சதவீதம் எடுத்து, பாதி செட்டோடு ஒரு வாரம் ஓட்டுங்கள். முதல் நாளே நூற்றுக்கணக்கில் ஸ்குவாட் செய்துவிட்டு, அடுத்த ஓரிரு நாளில் தசை வீங்கி, தாங்க முடியாத வலியோடு சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனால் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலை அது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடக் கூடாது.

வலி போய்விட்டால் ஓய்வு முடிந்தது என்று எண்ணுவது

தசை வலி உச்சத்துக்கு வருவது ஒன்று முதல் மூன்றாவது நாளுக்குள். அது பழகாத வேலைக்கான அறிகுறி, தேறிவிட்டதற்கான அளவுகோலாகாது. லேசான வலியோடு பயிற்சி செய்யலாம். வலியே இல்லாமலும் உடம்பு சோர்ந்திருக்கலாம். நம்பகமான சோதனை வார்ம்-அப் செட்டில் இருக்கிறது. வழக்கமாக விருட்டென்று மேலே போகும் எடை இன்று நத்தைபோல் ஏறினால் அன்றைக்குப் பாதி செட்டோடு கிளம்பிவிடுங்கள். தசை முழுவதும் பரவிய மந்தமான வலி வேறு, மூட்டில் விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் குத்தும் வலி வேறு. இரண்டாவது இருந்தால் அந்த அசைவைத் தொடாதீர்கள்.

ஓய்வு நாளில் மூச்சிரைக்க ஓடுவது

“இன்னைக்கு ரெஸ்ட் டே, அதனால கார்டியோ மட்டும்” என்று 40 நிமிடம் வேக ஓட்டம். காலுக்கு அது இன்னொரு கால் நாள். வேக ஓட்டம் வேண்டுமென்றால் கால் பயிற்சி உள்ள நாளிலேயே, எடை தூக்கி முடித்த பிறகு வையுங்கள். கடினமானவை ஒரே நாளில் சேர்ந்தால் மறுநாள் உண்மையான ஓய்வாக மிஞ்சும். ஓய்வு நாளுக்கு, பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே போகக்கூடிய 20, 30 நிமிட நடை சரி.

ஓய்வு நாளில் வயிற்றுக்கு மட்டும் செய்வது

வயிறும் தசைதான்.

மாதக்கணக்கில் ஒரே மட்டத்தில் அழுத்துவது

சோர்வு வாரத்தோடு தீர்ந்துவிடுவதில்லை, மிச்சம் சேர்ந்துகொண்டே போகும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை, எடையைக் கிட்டத்தட்ட அப்படியே வைத்து செட்டை மட்டும் பாதியாக்கி ஒரு வாரம் போங்கள். அந்த வாரம் முடிந்து வரும் திங்கட்கிழமை எடை இலகுவாகத் தெரிந்தால், அதுவரை சுமந்தது சோர்வுதான் என்று புரியும்.

அதற்கு முன்பே தேவைப்படுகிறதா என்று அறிய, காலையில் படுக்கையை விட்டு எழும் முன் நாடித்துடிப்பை ஒரு நிமிடம் எண்ணுங்கள். உங்கள் வழக்கத்தைவிட 5 முதல் 10 துடிப்பு கூடுதலாக மூன்று நாள் தொடர்ந்தால், அதோடு தூக்கமும் கெட்டிருந்தால், ஒரு நாள் கூடுதலாக விடுங்கள். ஒரு நாள் பயிற்சி சரியில்லை என்பதற்காக எதையும் மாற்ற வேண்டாம். ஒரே பயிற்சியில் அடுத்தடுத்து இரண்டு முறை ரெப் குறைந்தால் மாற்றுங்கள். இரண்டு மூன்று வாரம் ஓய்வெடுத்தும் சோர்வு தீரவில்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள். ரத்தசோகை, தைராய்டு குறைபாடு போன்றவையும் இதே முகத்தோடுதான் வரும்.

ஓய்வு நாளில் சாப்பாட்டைக் குறைப்பது

முந்தைய நாள் செய்த வேலைக்கான கட்டுமானம் இன்று நடக்கிறது. தசை வளர வேண்டுமென்றால் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு நாளைக்கு 1.6 கிராம் புரதம் என்ற கணக்கு ஓய்வு நாளுக்கும் சேர்த்துத்தான். 60 கிலோ உள்ளவருக்கு 96 கிராம், மூன்று நான்கு வேளைகளாகப் பிரித்து. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்த அளவை மருத்துவரிடம் கேட்காமல் எடுக்கக் கூடாது.