போல்ட்: ஒரு அம்பு, பல வேலை

ஹார்டுவேர் கடைக்குப் போய் "ஒரு போல்ட் குடுங்க" என்று மொட்டையாகக் கேட்டேன். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, "கதவுக்கா, மோட்டாருக்கா?" என்றார். மோட்டாருக்கு என்றதும் "எத்தனை நூல், எத்தனை இன்ச், நட்டு வாஷரோடவா?" என்று அடுத்தடுத்துக் கேள்வி. ஒரே சொல்தான், ஆனால் அதற்குள் இத்தனை சரக்கு இருக்கிறது. ஆங்கிலப் புத்தகத்திலோ வீடியோவிலோ இதே சொல் வந்தால் குழப்பம் இன்னும் கூடும், ஏனென்றால் அங்கே குதிரை போல்ட் ஆகும், கொத்தமல்லியும் போல்ட் ஆகும்.

முதலில் உச்சரிப்பு. தமிழில் எழுதும்போது இந்தச் சொல்லும் தைரியத்தைச் சொல்கிற 'போல்டு'ம் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகின்றன. "ரொம்ப போல்டான பொண்ணு" என்பதில் வருவது வேறு சொல். நம்முடையதில் கடைசி ஒலி 'வட்டு' என்பதில் வருகிற அழுத்தமான ட், அதோடு நிறுத்திவிட வேண்டும், உகரம் சேர்த்து இழுக்கக் கூடாது.

சரி, அர்த்தம். பழைய ஆங்கிலத்தில் போல்ட் என்றால் அம்பு, குறிப்பாகக் குறுக்குவில்லில் வைத்து விடுகிற குட்டையான கனத்த அம்பு. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் ஏறக்குறைய தானாக வந்துவிடும். அம்பு குட்டையான தண்டு, அதனால் கதவில் குறுக்கே தள்ளுகிற இரும்புத் தண்டு போல்ட், மரை வெட்டிய ஆணியும் போல்ட். அம்பு விர்ரென்று பாயும், அதனால் மிரண்டு ஓடுவதும் போல்ட். வானத்திலிருந்து பாய்கிற மின்னலும் அதே கணக்குதான். 2009இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடிய உசேனின் குடும்பப் பெயரே போல்ட் என்று அமைந்தது சும்மா ஒரு பொருத்தம், ஆனால் நினைவில் நிற்க உதவும்.

கதவு விஷயத்தில் நம் ஆட்கள் ஒரு தப்பு செய்கிறார்கள். உள்ளே இருந்து தாழ் போட்டுவிட்டு ஆங்கிலத்தில் 'லாக்' பண்ணினேன் என்கிறார்கள். சாவி போட்டுப் பூட்டினால்தான் லாக், தண்டைத் தள்ளி அடைத்தால் போல்ட். தமிழில் தாழ் போடு, பூட்டு என்று நாம் பிரித்துச் சொல்கிறோமே, அதே பிரிவினைதான். கடையில் தாழ்ப்பாள் வேண்டுமென்றால் டவர் போல்ட் என்று கேளுங்கள். வெளியே பூட்டு மாட்டுகிற மாதிரி தடித்த தாழ் வேண்டுமென்றால் அது ஆல்ட்ராப்.

இனி மரையாணி. போல்டுக்கும் ஸ்க்ரூவுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். எனக்குப் பிடித்த விளக்கம் இதுதான்: மறுபக்கம் நட்டைத் திருகி இறுக்கினால் போல்ட், தலையைத் திருகி இறுக்கினால் ஸ்க்ரூ. வாங்கும்போது நம் ஊர்க் கணக்கில் எட்டு நூல் ஒரு இன்ச், ஆக "மூணு நூல் போல்ட்" என்றால் தண்டின் தடிமன் முக்கால் இன்ச்சில் பாதி. மில்லிமீட்டர் கணக்கில் எம்8 என்றால் தண்டு 8 மில்லிமீட்டர், அதற்கு வழக்கமாக 13ஆம் நம்பர் ஸ்பேனர் வேண்டும். அதாவது 8 என்பது ஸ்பேனர் நம்பர் இல்லை, இதில் நான் ஏமாந்திருக்கிறேன். நீளத்தை அறுகோணத் தலையை விட்டுவிட்டு அளக்க வேண்டும், பலகைக்குள் தலை புதைகிற ரகத்துக்கு மட்டும் தலையையும் சேர்த்து. மரை முழுக்க ஓட வேண்டுமா பாதி போதுமா என்பதையும் சொல்லிவிடுங்கள், ஃபுல் திரட், ஹாஃப் திரட் என்றாலே எடுத்துக் கொடுப்பார்கள்.

வினைச்சொல்லாக வரும்போது அக்கம்பக்கத்துச் சொல்லைப் பாருங்கள். பின்னால் 'டவுன்' வந்து கூடவே சாப்பாடும் வந்தால் மெல்லாமல் அள்ளி விழுங்குவது. மேசையோ இயந்திரமோ வந்தால் தரையோடு முடுக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். 'அப்ரைட்' சேர்ந்தால் விறைப்பாக நிமிர்ந்து உட்கார்வது, பெரும்பாலும் தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்து. மாடித்தோட்ட வீடியோவில் கொத்தமல்லி 'போல்ட்' ஆகிவிட்டது என்று வெள்ளைக்காரர் புலம்பினால், வெயில் ஏறியதில் செடி இலை விடுவதை நிறுத்திவிட்டுத் தண்டை நீட்டிப் பூக்கப் போய்விட்டது என்று பொருள். அப்புறம், குதிரை போல்ட் ஆன பிறகு லாயத்துக் கதவைச் சாத்துவது என்றொரு வழக்கு உண்டு, நம்முடைய 'கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்' அதற்குச் சரியாகப் பொருந்தும். தெளிந்த நீல வானத்திலிருந்து போல்ட் விழுந்தது என்றால் எதிர்பாராமல் தலையில் இடி இறங்கியது, அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் இந்த அம்புக்குள் அடங்காது. பழைய ஆங்கிலச் சமையல் குறிப்புகளில் மாவை 'போல்ட்' செய்யச் சொன்னால் சலிக்கச் சொல்கிறார்கள். அது பிரெஞ்சிலிருந்து தனியாக வந்து சேர்ந்த சொல், எழுத்து ஒன்றாக இருப்பதைத் தவிர இரண்டுக்கும் உறவு கிடையாது.