கிளைக்கோகேலிக்ஸ் ஆய்வில் புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

பைப்பெட் பிடிப்பது, கிருமித்தொற்று, கன்ட்ரோல் (ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரி) வைக்க மறப்பது எல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள், அதை விடுவோம். கிளைக்கோகேலிக்ஸ் என்கிற, செல்லின் மேலிருக்கும் சர்க்கரைப் பூச்சுக்கே உரிய சில தவறுகள் உண்டு, ஒவ்வொரு புதியவரும் அதில் போய் விழுகிறார்.

ஃபிக்ஸ் செய்து தடிமனை அளப்பது

இதைப் பார்த்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது. ஒருவர் இரத்தக்குழாய் உட்சுவர் செல்களை வழக்கம்போல ஆல்டிஹைடில் ஃபிக்ஸ் செய்து (அதாவது வேதிப்பொருளால் இருந்தபடியே நிலைப்படுத்தி), ஆல்கஹாலில் நீர் நீக்கி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, பூச்சு சில பத்து நானோமீட்டர்தான் என்று வந்து நின்றார். அதை வைத்தே வெள்ளணுக்கள் ஏன் ஒட்டுகின்றன என்பதற்கு விளக்கமும் எழுதியாகிவிட்டது. மாதக்கணக்கான வேலை!

அந்த அடுக்கில் பெரும்பகுதி தண்ணீர். அதை எடுத்துவிட்டால் மிச்சம் படிந்து சுருங்காமல் என்ன செய்யும்? தவிர, ஆல்டிஹைடு பிடிப்பது முக்கியமாகப் புரதங்களின் அமீன்களை. பூச்சிலுள்ள நீண்ட சர்க்கரைச் சங்கிலியான ஹயலூரோனனில் தனி அமீன் இல்லை, அதனால் அது சரியாகப் பிடிபடாமல் கழுவும்போதே கரைந்து போகும். உயிருள்ள குழாய்களில் பூச்சு அரை மைக்ரோமீட்டர், சில இடங்களில் அதற்கும் மேல். வெள்ளணு பற்றிக்கொள்ளும், செல்லின் மேலுள்ள ஐகேம்-1 என்ற புரதம் சுமார் 20 நானோமீட்டர்தான் நீளும், அதாவது புல்வெளிக்குள் கிடக்கும் கூழாங்கல் மாதிரி. பூச்சு கெட்டால்தான் வெள்ளணுவுக்கு அது எட்டும். தடிமனைத் தப்பாக அளந்தால் ஒட்டுதலைப் பற்றிய முடிவு தலைகீழாகிவிடும் என்பது இப்போது புரிகிறதா?

ஃபிக்சேட்டிவ்விலேயே ரூதீனியம் ரெட் அல்லது ஆல்சியன் புளூ சாயம் சேருங்கள், முடிந்தால் விரைவு உறைதலுக்குப் போங்கள். இல்லையென்றால் உயிரோடிருக்கும்போதே கோதுமை முளை லெக்டினால் (சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும் புரதம்) சாயமேற்றிப் பாருங்கள். அப்புறம் அந்த லெக்டின் சியாலிக் அமிலத்தையும் என்-அசிட்டைல் குளுக்கோசமைனையும்தான் காட்டும், முழுப் பூச்சையும் அல்ல.

டிரிப்சின்

வளர்ப்புத் தட்டிலிருந்து செல்களைப் பெயர்த்தெடுக்கப் பயன்படும் இந்த நொதி, பூச்சின் சர்க்கரைச் சங்கிலிகளைத் தாங்கும் சின்டிக்கன் புரதத்தை வெட்டிவிடும். செல்களை எடுத்த கையோடு ஒட்டுதல் சோதனை வேண்டாம்.

நொதியின் பெயரை நம்புவது

ஹயலூரோனனை வெட்டும் நொதி ஹயலூரோனிடேஸ். மாட்டின் விந்தகத்திலிருந்து வரும் ஹயலூரோனிடேஸ், காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட் என்ற இன்னொரு சர்க்கரைச் சங்கிலியையும் வெட்டும். ஹயலூரோனனை மட்டும் நீக்க ஸ்ட்ரெப்டோமைசஸ் பாக்டீரியாவின் நொதியை எடுங்கள். சூட்டில் செயலிழக்கச் செய்த அதே நொதி ஒரு கன்ட்ரோலாகக் கட்டாயம் இருக்கட்டும்.

ஓட்டமில்லாத வளர்ப்பு

தேங்கிய ஊடகத்தில் வளரும் பூச்சு மெலிந்துதான் இருக்கும்.

ஆல்புமின் இல்லாமல் ஊடுருவலை அளப்பது

பூச்சின் இழைகளுக்கிடையே இரத்தப் புரதமான ஆல்புமின் தங்கித்தான் வடிகட்டியை இறுக்கமாக்குகிறது. புரதமே இல்லாத கரைசலை ஓட்டிவிட்டு, குழாய் இப்படிக் கசிகிறதே என்று ஆச்சரியப்படுகிறார்கள். கரைசலில் ஆல்புமின் சேர்த்து மறுபடி அளங்கள், பழைய அளவீட்டைத் தூக்கிப் போடுங்கள்.